பெயிண்டுக்கு அடியில் ஓடும் ஒயர்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று லைட் கோளாறு என்று என் பட்டறைக்கு வந்தால், கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பேட்டரி, டைனமோ, பல்பு எல்லாம் அதற்குப் பிறகு. வந்தவர் கொஞ்சம் திகைப்பார். நிறத்துக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் முகம் கேட்கும். ஆனால் புதுப்பித்த வண்டிகளில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாதி அந்தப் பளபளப்புக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

காரணம் எளியது. அந்தக் காலத்து வண்டிகளில் பல்புக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். பேட்டரியிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து பல்பு, அதோடு சரி. பல்பிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் திரும்பி வர ஒயர் கிடையாது. பல்பின் பித்தளைக் கூடு, ரிஃப்ளெக்டர், ஹெட்லைட்டின் கூடான டூம், ஃபோர்க், ஃபிரேம் என்று இரும்பு வழியாகவே அது வந்து சேரும். அதாவது வண்டியின் ஃபிரேம்தான் எல்லா விளக்குக்கும், ஹாரனுக்கும், காயிலுக்கும் பொதுவான திரும்பு ஒயர். வண்டியின் ஒயரிங்கில் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒயர்க்கட்டு, மீதிப் பாதி ஃபிரேம். தொழிற்சாலையில் அந்த வண்டி கட்டப்பட்டபோது எந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கக் கூடாது என்று யாரோ யோசித்திருந்தார்கள். ஐம்பது அறுபது வருடம் கழித்து நாம் அதை மணல் வீசித் துருவெடுத்து, ஒரு அங்குலம் விடாமல் பவுடர் கோட்டிங் அடித்து, அந்த இடங்களையெல்லாம் மூடிவிடுகிறோம். பவுடர் கோட்டிங் என்பது சூளையில் உருக்கிப் பிடிக்கவைத்த பிளாஸ்டிக். அதன் வழியே கரண்ட் போகாது.

இந்தத் திரும்பு வழியைத்தான் எர்த் என்கிறோம். எங்கள் பக்கம் கோயமுத்தூரில் எல்லாருக்கும் எர்த் என்றால் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் கரியும் உப்பும் போட்டு மூடிய குழிதான் நினைவுக்கு வரும். "ஏனுங்க, வண்டி ரப்பர் டயர் மேல நிக்குது, அப்புறம் எப்படிங்க எர்த் ஆகும்?" என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. வண்டியில் எர்த் என்பதற்கும் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பேட்டரியின் ஒரு முனையை ஃபிரேமோடு சேர்த்துவிட்டால் ஃபிரேம் முழுக்க அந்த முனையாகிவிடும், அவ்வளவுதான். வண்டியைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டாலும் அது வேலை செய்யும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி மல்டிமீட்டரைத் தொட்டுப் பார்த்தவர் இல்லை. அவரிடம் இரண்டு முனையிலும் முதலை கிளிப் வைத்த நீண்ட ஒயர் ஒன்று இருந்தது. வண்டி வந்து நின்றதும் ஒரு கிளிப்பை பேட்டரியின் எர்த் முனையில் கடிக்க வைப்பார். லைட்டைப் போடச் சொல்லிவிட்டு மறுமுனையால் டூமின் உடம்பைத் தொடுவார். வெளிச்சம் சட்டென்று ஏறினால் சிரிப்பார். "கண்ணு, பேட்டரி நல்லாத்தான் இருக்குது. வழிதான் அடைச்சிருக்குது" என்பார். அதே ஒயரைக் கொண்டுபோய் பின் லைட், ஹாரன், காயில் பிடிக்கும் பிராக்கெட், என்ஜின் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வருவார். ஐந்து நிமிடத்தில் வண்டியின் எர்த் எங்கெங்கே செத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்றும் என் பட்டறையில் பையன்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது அந்த ஒயரைத்தான். கடையில் வாங்கக் கூடாது, அவர்களே கிளிப்பைப் பத்தவைத்துச் செய்ய வேண்டும்.

ஒரு புல்லட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிறந்த பழைய 6 வோல்ட் வண்டி. அப்பா ஓட்டிய வண்டி என்று மகன் பெரும் செலவில் புதுப்பித்திருந்தார். கறுப்பு நிறம் கண்ணாடி மாதிரி இருந்தது, தொட்டியின் தங்கக் கோடு கையால் வரைந்தது. ஹெட்லைட் மட்டும் அகல் விளக்காக எரிந்தது. பேட்டரி மாற்றியாயிற்று, ரெக்டிஃபயர் மாற்றியாயிற்று, ஆல்டர்னேட்டர் காயிலையே மறுபடி சுற்றியாயிற்று என்று ஒரு பை நிறையக் கழட்டிய பாகங்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் எதுவும் கெட்டிருக்கவில்லை.

புல்லட்டில் டூமும் ஸ்பீடாமீட்டரும் ஆம்ப்மீட்டரும் உட்கார்வது ஃபோர்க்குக்கு மேல் உள்ள ஒரு பெரிய அலுமினிய வார்ப்பில். லைட்டின் கரண்ட் அந்த வார்ப்புக்குள் இறங்கி, ஃபோர்க் குழாய் வழியாக, ஹேண்டில் திரும்பும் இடத்துக் கோன்செட்டில் உள்ள சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைக் கடந்து, ஃபிரேமுக்குப் போக வேண்டும். புதுப்பித்தவர்கள் வார்ப்பின் உள்பக்கத்தையும் விடாமல் பவுடர் அடித்திருந்தார்கள். கோன்செட்டும் புதிது, கிரீஸும் தாராளம். லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பல்பின் கூட்டிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த்திலும் வைத்தேன். நல்ல எர்த்தாக இருந்தால் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே 0.1, மிஞ்சிப்போனால் 0.2 வோல்ட்தான் காட்ட வேண்டும். இங்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். 6 வோல்ட் வண்டியில் அது கொள்ளை. கணக்கு இப்படி: 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். திரும்பும் வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே பல்புக்கு 5 வோல்ட்தான் மிஞ்சும். மின்னிழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறையும் அளவுக்கு மட்டும் குறைவதில்லை, அதைவிட வெகுவேகமாக விழும். 5 வோல்ட்டில் கிடைப்பது ஏறத்தாழப் பாதி வெளிச்சம். அதே 0.2 ஓம் தடை 12 வோல்ட் வண்டியில் இருந்தால் கரண்ட் பாதிதான் என்பதால் 15 விழுக்காடு வெளிச்சம் போகும், ஓட்டுபவர் கவனிக்கக்கூட மாட்டார். பழைய 6 வோல்ட் வண்டி என்றாலே வெளிச்சம் இருக்காது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. அந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தரும். கட்டப்பட்ட நாளில் அந்த வண்டிகள் ஒழுங்காகவே வெளிச்சம் தந்தன. நாம் திரும்பும் வழியை அடைத்துவிட்டுப் பழியை வோல்ட் மேல் போடுகிறோம்.

அந்தப் புல்லட்டுக்கு நான் செய்தது, டூமின் உள்ளே பல்பு ஹோல்டரிலிருந்து பேட்டரி வரைக்கும் ஒரு தனி ஒயர் இழுத்து, ஒயர்க்கட்டோடு சேர்த்துச் சுற்றியது. வெளியே எதுவும் தெரியாது. பை நிறையப் பாகங்களைப் பார்த்து அந்த மகன் வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இங்கே மல்டிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்றைய பையன்கள் மீட்டரை 'பீப்' ஒலிக்கும் இடத்தில் வைத்து, ஒயரின் இரண்டு முனையையும் தொட்டு, சத்தம் வந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்புவது சில மில்லி ஆம்பியர். உள்ளே இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் சொல்லும். லைட்டைப் போட்டு 6 ஆம்பியர் பாயும்போது அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது. ஆகவே எர்த்தை எப்போதும் சுமையோடுதான் அளக்க வேண்டும். லைட் எரியட்டும், பிரேக் லைட்டும் எரியட்டும், அப்போது வோல்ட் எவ்வளவு தொலைகிறது என்று பார்க்க வேண்டும்.

எர்த் முழுக்க அறுந்துவிட்டால் கரண்ட் சும்மா இருக்காது என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. வயலில் வடிகாலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் ஏறுவதைப் போல அது வேறு வழி தேடும். பின் லைட்டில் இரண்டு இழை உள்ள பல்பு இருக்கும், ஒன்று ஓடும்போது எரிய, மற்றது பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால், பிரேக்கை மிதிக்கும்போது அந்தக் கரண்ட் பல்பின் பொது முனை வழியாக மற்ற இழைக்குள் ஏறி, பின் லைட்டின் ஒயரில் பின்னோக்கி ஓடி, ஸ்பீடாமீட்டரில் உள்ள சின்ன பல்பு வழியாக எர்த்தைப் பிடிக்கும். பிரேக்கை மிதித்தால் மீட்டருக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம். "பேய் புகுந்த மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். சுவிட்சை மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. பின் மட்கார்டில் லைட்டைப் பிடிக்கும் போல்ட்டைக் கழட்டி, அடியில் உப்புத்தாள் போட்டால் பேய் போய்விடும்.

என்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வழி இல்லாமல் போவது இன்னும் மோசம். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் முழுவதும் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயப் பார்க்கும். கேபிள் சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி இறுகிப்போகும். கிளட்ச் கேபிள் அடிக்கடி போகிறது என்று சொல்லி வந்தால் நான் என்ஜின் எர்த்தைத்தான் பார்ப்பேன்.

இந்த விஷயத்தில் வண்டியை வடிவமைத்தவர்களுக்கே சிக்கல் இருந்தது. 1967-ல் வந்த நார்ட்டன் கமாண்டோவில் அதிர்வு தெரியாமல் இருக்க என்ஜின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஆர்ம் எல்லாவற்றையும் சேர்த்து ரப்பரில் தொங்கவிட்டார்கள். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. ஆனால் ரப்பரில் தொங்கும் என்ஜினுக்கு ஃபிரேமோடு இரும்புத் தொடர்பு இல்லை. அதற்கென்றே ஒரு எர்த் ஒயர் கட்டாயம் தேவைப்பட்டது. ட்ரயம்பில் இன்னொரு விதம். 1966 வாக்கில் 12 வோல்ட்டுக்கு மாறியபோது, மிகுதி வோல்ட்டை வெப்பமாக வெளியேற்ற ஜீனர் டையோடு என்ற ஒன்றை வைத்தார்கள். 1960களின் கடைசியில் அதை டூமுக்குக் கீழே, காற்று படும் இடத்தில், மடிப்பு மடிப்பான அலுமினியத் துண்டில் திருகினார்கள். குளிர்வதற்கு நல்ல இடம்தான். எர்த்துக்கு மோசமான இடம், ஏனென்றால் அங்கிருந்து ஃபிரேமுக்குப் போக மறுபடி அந்தக் கோன்செட் குண்டுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே தனி ஒயர் கொடுத்தார்கள். வண்டியைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் இந்த ஒயரை வேண்டாத ஒயர் என்று விட்டுவிடுவார்கள், அல்லது அலுமினியத் துண்டுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். மிகுதி வோல்ட் போக வழியில்லாமல் பல்பு பல்பாகக் கருகும், பேட்டரி கொதிக்கும். கோன்செட்டும் பாழாகும். திரும்பும்போது குண்டுகளுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நுண்ணிய பொறி பறந்து பறந்து எஃகில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். ஹேண்டில் திருப்பும்போது நெருடும்.

ஆங்கிலேய வண்டிகளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்துகொடுத்த பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனி 1930களில் பாசிட்டிவ் முனையை ஃபிரேமோடு சேர்க்கும் முறைக்கு மாறியது. பிளக்கின் நடு முனை நெகட்டிவாக இருந்தால் பொறி எளிதாகப் பாயும், துருவும் குறையும் என்று காரணங்கள் சொன்னார்கள். ட்ரயம்ப் 1970களின் கடைசி வரைக்கும் அப்படியே வந்தது. அந்த வண்டிகளில் சிவப்பு ஒயர்தான் எர்த். நம் ஊரில் சிவப்பைப் பார்த்தால் கரண்ட் உள்ள ஒயர் என்றுதான் கை போகும். கறுப்பை ஃபிரேமில் மாட்டி, சிவப்பை பேட்டரியில் கொடுத்து, ஒரு நொடியில் ரெக்டிஃபயரைக் கருக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ரெக்டிஃபயருக்குள் இருக்கும் டையோடுகள் பேட்டரி தலைகீழானால் திறந்த மடையாகிவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்த வண்டியென்றால் அந்தப் பெட்டியும் அதோடு போகும்.

எனவே அறிமுகமில்லாத வண்டி எதுவாக இருந்தாலும், இந்திய புல்லட்டே ஆனாலும், முந்தைய கைகள் என்ன செய்திருக்கின்றன என்று பார்க்காமல் பேட்டரி மாட்டமாட்டேன். பேட்டரியைக் கழட்டும்போது ஃபிரேமில் இருக்கும் முனையை முதலில் கழட்ட வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். நெகட்டிவ் முதலில் என்று மனப்பாடம் செய்தவர்கள் பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஸ்பேனரை ஃபிரேமில் இடித்துப் பொறி பறக்க விடுவார்கள். டைனமோ உள்ள வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற விரும்பினால் மாற்றலாம், தப்பில்லை. பேட்டரியைத் திருப்பிய பிறகு டைனமோவின் ஃபீல்டு முனைக்கு பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட் காட்டி அதன் காந்தத்தைத் திருப்ப வேண்டும். காயிலின் இரண்டு சிறு முனைகளையும் மாற்றிப்போட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். மாற்றாவிட்டாலும் வண்டி ஓடும், ஆனால் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்பட்டு, சூடேறிய என்ஜின் கிக்கருக்கு அடங்காமல் படுத்தும்.

மேக்னெட்டோ வண்டிகள் தனி ஜாதி. அங்கே பேட்டரி இல்லாமலே பொறி பிறக்கும். எங்கள் ஊர் ஜி.டி.நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, பின்னர் உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றார் என்பது கோயமுத்தூரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அந்தக் காலத்து வண்டிகளில் ஒயர் என்று பார்த்தால் பிளக்குக்குப் போகும் ஒன்றுதான். ஆனாலும் எர்த் இருந்தது. பிளக்கில் பாய்ந்த பொறி என்ஜினின் இரும்பு வழியாகவே மேக்னெட்டோவுக்குத் திரும்ப வேண்டும். லூகாஸ் மேக்னெட்டோவில் இதற்கென்று உடலில் ஒரு சிறிய கார்பன் பிரஷ் இருக்கும். சுழலும் ஆர்மேச்சரை அது உரசிக்கொண்டே இருக்கும். விரல் நுனி அளவு கூட இல்லாத அந்தப் பிரஷ் தேய்ந்துவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் போக முயலும், பேரிங் கெடும், வண்டி இருமும். ஆர்மேச்சரை வெளியே இழுக்கும் முன் இந்தப் பிரஷைக் கழட்ட மறந்தால் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு உடைந்துவிடும். கிடைப்பதற்கு அரிய சாமான் அது. இன்னொன்று, மேக்னெட்டோ வண்டியை நிறுத்தும் பொத்தான் கரண்டை அறுக்காது, எர்த் செய்யும். ஆகவே அந்தப் பொத்தானின் ஒயர் எங்காவது தோலுரிந்து ஃபிரேமைத் தொட்டால் வண்டி என்ன மிதித்தாலும் எழாது. அந்த ஒயரைக் கழட்டிவிட்டு ஒரு மிதி மிதித்துப் பார்ப்பது நல்ல சோதனை.

இனி நான் எர்த் போடும் விதம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், பல இழை கொண்டது. முனையில் வட்ட லக்கை அழுத்திப் பிடிக்கவைத்து, அதன் மேல் ஈயம் வைத்து, ஸ்லீவ் ஏற்றுவேன். ஒயர் அதிரும் இடத்தில் ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்துவிடக் கூடாது, ஏறினால் அங்கேயே முறியும். லக் உட்காரும் இடத்தில் உலோகம் வெள்ளி போலத் தெரியும் வரை உப்புத்தாள் போட்டு, பல் வைத்த ஸ்டார் வாஷர் கொடுத்து இறுக்கி, மேலே வாசலின் தடவுவேன். பேட்டரியிலிருந்து முதல் ஒயர் நேராக என்ஜினுக்கு. அங்கிருந்து ஃபிரேமுக்கு ஒன்று. டூமுக்கு ஒன்று, பின் லைட்டுக்கு ஒன்று. ரெகுலேட்டர் பெட்டி இருந்தால் அதன் 'ஈ' முனைக்குத் தனியாக ஒன்று. அந்த முனைக்கு எர்த் இல்லையென்றால் ரெகுலேட்டருக்கு வோல்ட்டை அளக்கவே வழியில்லை. ஹேண்டில் பார் ரப்பரில் உட்கார்ந்திருந்தால் ஹாரன் பொத்தானுக்கும் ஒன்று, ஏனென்றால் பல பழைய வண்டிகளில் பொத்தான் ஹாரனை எர்த் செய்துதான் ஒலிக்கவைக்கிறது.

பழைய வண்டி சேர்ப்பவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. தொழிற்சாலையில் இல்லாத ஒயரை ஏன் சேர்க்கிறீர்கள், வண்டியின் அசல் தன்மை போகாதா என்பார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன், அந்த அக்கறை இல்லாவிட்டால் இந்த வண்டிகள் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் பவுடர் கோட்டிங் தொழிற்சாலையில் இருந்ததா? அதைப் பூசிய கையே இந்த ஒயரைக் கேட்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டிய பிறகு அங்கே ஒரு வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது, கோன்செட் வழியே வரும் எர்த் ஒரு கணம் விட்டுப்போய் லைட் அணைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கட்டும். காட்சியில் பரிசு வாங்கும் வண்டியும் வீட்டுக்கு ஓட்டித்தானே போக வேண்டும்.

இப்போதெல்லாம் புதுப்பிக்கும் முன்பே என்னிடம் வருபவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஃபிரேமை பெயிண்டருக்கு அனுப்பும் முன் என்ஜின் போல்ட் துளைகளின் இரண்டு பக்கமும், பேட்டரித் தட்டின் எர்த் மரையிலும், கோன்செட் கிண்ணம் உட்காரும் இடத்திலும், பின் லைட் பிராக்கெட்டிலும் சூடு தாங்கும் டேப் ஒட்டிக் கொடுப்பேன். மரைகளுக்குள் பழைய போல்ட்டைத் திருகியே அனுப்புவேன். பெயிண்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே போன் போட்டு எங்கெங்கே விட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்வேன். லக்குகளைக் கழட்டினால் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கடற்கரை ஊர் வண்டிகளில் அது இரண்டு மடங்கு. சுரண்டி, துடைத்து, வாசலின் தடவித் திரும்ப இறுக்கி, லைட்டையும் பிரேக் லைட்டையும் போட்டு மீட்டரில் 0.1 காட்டுகிறதா என்று பார்த்து அனுப்ப அரை மணி நேரம் ஆகும்.